புகைமூட்டக் காலத்தில் கருமுட்டை எடுப்பதைத் தள்ளிவைக்கலாமா?

கேள்வி: பயனியர்வாசி
வணக்கம். எனக்கு வயது 36. சிங்கப்பூரில் தீவு விரைவுச்சாலையைப் பார்த்தபடி இருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குடியிருக்கிறோம். துணி காயப்போடும் கழியை ஈரத்துணியால் துடைத்தால் கரி அப்பிக்கொண்டு வரும். செயற்கைக் கருத்தரிப்புக்காகச் செப்டம்பரில் கருமுட்டை எடுக்கலாம் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். சுமத்ராவிலிருந்து புகை வரக்கூடிய மாதமாயிற்றே, ஆண்டிறுதி மழை தொடங்கும்வரை பொறுக்கலாம் என்பது என் மாமியாரின் கருத்து. காற்று மாசு பெண்களின் கருவளத்தைப் பாதிக்கும் என்பது எந்த அளவுக்கு உறுதியானது?

மறுமொழி 1: உயிரியல் ஆசிரியை
மாமியாரின் கவலை ஆதாரமற்றதன்று. பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள்கள் நுரையீரலைத் தாண்டி இரத்தத்தில் கலக்கக்கூடியவை. சினைப்பைத் திசுவிலும், முட்டையைச் சூழ்ந்திருக்கும் திரவத்திலும் கரித்துகள்கள் இருப்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் உறைய வைத்த கருக்களைக் கருப்பையில் வைத்த 3,659 சிகிச்சைகளை ஆராய்ந்து 2024இல் வெளியிட்ட முடிவின்படி, முட்டை எடுப்பதற்கு முந்தைய இரு வாரங்களில் பிஎம் 10 எனப்படும் சற்றுப் பெரிய துகள்களின் அளவு மிக அதிகமாக இருந்த பிரிவினரிடையே, மிகக் குறைவாக இருந்த பிரிவினரைவிடக் குழந்தை பிறப்பதற்கான வாய்ப்பு விகிதம் ஏறத்தாழ 38 விழுக்காடு குறைந்திருந்தது. பெர்த் பொதுவாகத் தூய காற்றுள்ள நகரம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். எனினும் இது தொடர்பைக் காட்டும் ஆய்வுதான். மாசுதான் காரணம் என்று நிறுவிவிடவில்லை.

தள்ளிவைப்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை. முட்டை தன் இறுதி வளர்ச்சியை முடிக்க ஏறக்குறைய மூன்று மாதங்கள் ஆகும். அவ்வாறெனில், டிசம்பரில் எடுக்கப்படும் முட்டை செப்டம்பர், அக்டோபர் புகையினூடே வளர்ந்ததாகத்தான் இருக்கும். செப்டம்பரில் எடுப்பதோ பெரும்பாலும் புகைக்கு முன்பே வளர்ந்திருக்கக்கூடும். மற்றபடி, 36 வயதில் மூன்று மாதத் தாமதம் பெரிய இழப்பன்று. சினைப்பையில் எஞ்சியுள்ள முட்டை இருப்பைக் காட்டும் ஏஎம்எச் இயக்குநீரின் அளவு குறைவாக இருந்தால் மட்டும் கணக்கு மாறும். அதை மருத்துவரிடமே கேளுங்கள்.

மறுமொழி 2: பூன்லே அண்ணன்
இத்தகைய பேச்சு எழும்போதெல்லாம் பெண்ணையே பார்க்கிறோம் என்பது என் நெடுநாள் மனக்குறை. டென்மார்க்கில் ஒன்பது இலட்சம் பேரின் பதிவுகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2024இல் வெளியான ஆய்வில், நீண்டகால பிஎம் 2.5 பாதிப்புக்கும் மலட்டுத்தன்மைக்கும் இடையே தெளிவான தொடர்பு ஆண்களிடம்தான் காணப்பட்டது, பெண்களிடம் காணப்படவில்லை. மாறாக, 35 வயதைக் கடந்த பெண்களுக்குச் சாலை இரைச்சலோடு தொடர்பு தெரிந்தது. விரைவுச்சாலையோர வீடு என்கிறீர்களே, அதனால் சொல்கிறேன். கணவர் விந்துப் பரிசோதனை செய்துகொண்டாரா?

பயனியர்வாசி
இருவருக்கும் நன்றி. அவர் துவாஸில் பற்றவைப்பு வேலையை மேற்பார்வையிடுகிறார். விந்துப் பரிசோதனை ஈராண்டுக்கு முன்பு செய்ததுதான். மறுபடியும் செய்யச் சொல்கிறேன்.

மறுமொழி 3: உட்லண்ட்ஸ் அக்கா
பற்றவைப்புப் புகை பற்றியும் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். புகைமூட்ட நாள்களில் 24 மணி நேரக் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீட்டை மட்டும் பார்க்காமல், தேசியச் சுற்றுப்புற வாரியம் வட்டார வாரியாக வெளியிடும் ஒரு மணி நேர பிஎம் 2.5 அளவையும் பாருங்கள். அது கனமீட்டருக்கு 55 மைக்ரோகிராமைத் தாண்டினால் சன்னலைச் சாத்திவிட்டு, படுக்கையறையில் ஹெப்பா வடிகட்டியுள்ள காற்றுச் சுத்திகரிப்பானை ஓடவிடலாம். வெளியே போக வேண்டியிருந்தால் என்95 முகக்கவசம் அணியுங்கள். சாதாரண அறுவைசிகிச்சைக் கவசம் நுண்துகளைப் போதிய அளவு தடுக்காது. சன்னலைச் சாத்திய வீட்டில் வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி போட்டால் சுத்திகரிப்பான் எதற்கு என்பதை மட்டும் மாமியாரிடம் பக்குவமாக எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும்.