லயத்துக்கு ஊற்றுத் தண்ணி: கோவில் பிள்ளைகளும் சேர்ச் பிள்ளைகளும் சேர்ந்து செய்யும் வேலை, ஆலோசனை வேண்டும்

மேட்டு லயம்

வணக்கம். இலங்கை மலையகத்தில் அக்கரபத்தனைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேல் டிவிசனில் (தோட்டப் பிரிவு) லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், 42 குடும்பம், ஏறக்குறைய 200 பேர். தேயிலை மலைக்கு மேலே உள்ள ஊற்றிலிருந்து அல்கதீன் பைப்பில் 5000 லீட்டர் சீமெந்துத் தாங்கிக்குத் தண்ணி வருகிறது. மழை விழுந்தால் கலங்கல், பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம். கோவில் இளைஞர் மன்றமும் சேர்ச் இளைஞர் குழுவும் சேர்ந்து சித்திரை லீவில் மூன்று நாள் சிரமதானம் (கூலியில்லாத கூட்டு வேலை) செய்யப் போகிறோம், 25 பேர். சேர்ச்சுக்குப் பழக்கமான வெளிநாட்டுக் குழுவிலிருந்து 8 பேர் வருகிறார்கள், அவர்களில் இருவர் டாக்டர்மார். ஊற்றைக் கட்டுவதா, மெடிக்கல் கேம்ப் வைப்பதா, இரண்டுமா? குளோரின் எவ்வளவு போட வேண்டும்? தெரிந்தவர்கள் விபரமாகச் சொல்லுங்கள்.

கான்வெட்டு

ஊற்றைக் கட்டுங்கள் தம்பி. அதற்கு முன் அளந்து பாருங்கள். 20 லீட்டர் வாளியைப் பைப்புக்குக் கீழே வைத்து நிரம்பும் நேரத்தைக் குறியுங்கள். 100 செக்கனில் நிரம்பினால் ஒரு நாளைக்கு 17,280 லீட்டர், ஆளுக்கு 86 லீட்டர். அளக்க வேண்டியது வறட்சியின் கடைசியில். ஹட்டன், மஸ்கெலியா, அக்கரபத்தனைப் பக்கம் மாசி, பங்குனி. பதுளை, ஹப்புத்தளைப் பக்கம் ஆடி, ஆவணி. மழை மாதத்துக் கணக்கை நம்பிப் பைப் போட்டால் அடுத்த பங்குனியில் சண்டைதான்.

இனி கட்டும் முறை. தண்ணி வெளிவரும் கண்ணைத் தேடி, கெட்டி மண்ணோ பாறையோ தட்டும் வரை பின்னுக்குத் தோண்டுங்கள். கண்ணைச் சுற்றிக் கழுவிய சல்லிக்கல், முன்னுக்குச் சுவர், சல்லிக்கு மேல் ஒரு அடிக்குக் குறையாமல் மிதித்து இறுக்கிய களிமண், அதன்மேல் மண், புல்லுப் பத்தை. வெளியேறும் பைப்பும் மேலதிகத் தண்ணி போகும் பைப்பும் கண்ணின் மட்டத்துக்குக் கீழேதான் இருக்க வேண்டும். தண்ணியைக் கண்ணுக்கு மேலே தேக்கினால் எதிரழுத்தத்தில் ஊற்று வேறு பக்கம் திறந்துகொண்டு போய்விடும். மேசன் பாஸ்மார் தாங்கி கட்டுகிற பழக்கத்தில் சுவரை உயர்த்துவார்கள், விடாதீர்கள். அடியில் கழுவி விட ஒரு பைப், எல்லா வாய்க்கும் நுண்வலை.

மேல் பக்கம் எட்டுப் பத்து மீட்டர் தள்ளி மழைத்தண்ணியைத் திருப்பிவிட ஒரு கான் வெட்டுங்கள். உங்கள் கலங்கலில் பெரும்பகுதி அதிலேயே நிற்கும். கக்கூஸ், மாட்டுப்பட்டி 30 மீட்டருக்குள் இருக்கக் கூடாது, மேட்டில் இருக்கவே கூடாது. ஊற்றுக்கு மேலுள்ள தேயிலைக்கு உரம் போடாமலும் களைமருந்து அடிக்காமலும் ஒரு பட்டியை ஒதுக்கித் தரச் சொல்லித் துரையிடம் (தோட்ட மேலாளர்) கேளுங்கள். நைட்ரேட்டைக் குளோரின் எடுக்காது.

பைப் விடயம்: 10 மீட்டர் இறக்கத்துக்கு 1 பார் அழுத்தம். 600 வகை பிவிசி 60 மீட்டர் வரைதான் தாங்கும், அதற்கு மேல் இறக்கம் என்றால் இடையில் அழுத்தம் உடைக்கும் சிறு தொட்டி. பைப் மேடு ஏறி இறங்கும் இடத்தில் காற்று அடைத்து நிற்கும், அங்கே காற்று வால்வு.

எப்போதும் தெளிந்து வரும் ஊற்று திடீரென்று சேறாக வந்தாலோ, மேட்டில் வெடிப்புக் கண்டாலோ மண்வெட்டியைக் கீழே வையுங்கள். அது மண்சரிவின் அறிகுறி. கிராம சேவகருக்கும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் உடனே அறிவிக்க வேண்டும்.

டிஸ்பென்சரி

குளோரின் கணக்கு நான் தருகிறேன். கடையில் கிடைக்கும் டி.சி.எல் தூளில் (குளோரின் ஏற்றிய சுண்ணாம்புத் தூள்) 30 சதவீதம் அளவு குளோரின் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் தடவை தாங்கியைத் தேய்த்துக் கழுவி நிரப்பி, லீட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வரும்படி போட வேண்டும். 5000 லீட்டருக்கு 830 கிராம் தூள். ஓரிரவு நிற்கட்டும், எல்லாக் குழாயையும் குளோரின் மணம் வரும் வரை திறந்து மூடுங்கள். மறுநாள் முழுவதையும் வெளியே விட வேண்டும், மீன் இருக்கும் ஓடைக்குள் அல்ல. அந்த இரவு ஒருவரும் குடிக்காதபடி லயம் லயமாகப் போய்ச் சொல்லுங்கள்.

தினசரிக்கு 1 சதவீதக் கரைசல்: 1 லீட்டர் தண்ணியில் 33 கிராம் தூள், பிளாஸ்டிக் ஏனத்தில். சுண்ணாம்பு அடியில் படிந்ததும் மேல் தெளிவை மட்டும் எடுங்கள். தூளை அப்படியே தாங்கிக்குள் கொட்டுவதுதான் வழமையாக நடக்கும் பிழை: முதல் மணி நேரம் மூக்கைத் துளைக்கும், சனம் குழாயை விட்டுவிட்டு ஓடைக்குப் போகும்.

அளவை அறிய நான்கு 20 லீட்டர் வாளிகளில் ஊற்றுத் தண்ணி எடுத்து முறையே 1, 1.5, 2, 2.5 மில்லிலீட்டர் கரைசல் விட்டுக் கலக்கி அரை மணி நேரம் பொறுத்து, மீதிக் குளோரினை டிபிடி குளிசையால் (குளோரின் இருந்தால் தண்ணியை நிறம் மாற்றும் சோதனைக் குளிசை) பாருங்கள். லீட்டருக்கு 0.5 மில்லிகிராம் அளவில் நிற்கும் வாளிதான் உங்கள் கணக்கு. கடைசிக் குழாயில் 0.2க்குக் குறையக் கூடாது. 2 மில்லிலீட்டர் வாளி சரி வந்தால் 5000 லீட்டருக்கு அரை லீட்டர் கரைசல். தண்ணி மிகவும் குளிர்ந்திருந்தால் ஒரு மணி நேரம் விடுங்கள். கலங்கல் தண்ணியில் குளோரின் வீண், அன்றைக்குக் கொதிக்க வைப்பதுதான் வழி.

தண்ணி ஓடிக்கொண்டே இருக்கும் தாங்கியில் ஒரு தடவை ஊற்றி என்ன பயன்? நிரப்பி, உள்வரும் வால்வை மூடி, கரைசல் விட்டு, பொறுத்து, பிறகு திறக்க வேண்டும். காலையும் பின்னேரமும் இப்படிச் செய்தால் மாதம் 1 கிலோ தூள் முடியும். இதை ஒவ்வொரு நாளும் செய்வது யார்? அந்த ஆளின் பெயர் எழுதப்படாமல் ஒரு மூட்டை சீமெந்தும் வாங்காதீர்கள்.

மெடிக்கல் கேம்ப் வேண்டாம் என்பதே என் எண்ணம். வெளிநாட்டு டாக்டர்மார் இங்கே மருத்துவச் சபையில் தற்காலிகப் பதிவில்லாமல் நோயாளி பார்க்க முடியாது. ஒரு நாள் பிரஷர் பார்த்துக் குளிசை கொடுத்துவிட்டுப் போனால் அடுத்த மாதக் குளிசை யார் தருவது? பூச்சிக் குளிசையும் தனியாகக் கொடுக்க வேண்டாம், எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) பகுதியால் பாடசாலையில் கொடுத்திருப்பார்கள்.

கன்னிமார் மேடு

குளோரின் கணக்கு அருமை. அனுமதிப் பக்கத்தை நான் சேர்க்கிறேன். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் போனாலும் காணி அரசாங்கத்தினது, குத்தகைதான். துரையின் எழுத்து மூல அனுமதி, பி.எச்.ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஐயாவின் பார்வை, தோட்ட வைத்திய உதவியாளருக்கு அறிவித்தல் மூன்றும் வேலைக்கு ஒரு மாதம் முன்பே வேண்டும். தண்ணி மாதிரி எடுப்பதைப் பி.எச்.ஐயிடமே விடுங்கள், கிருமி நீக்கிய போத்தலில் எடுத்துக் குளிராக லேபுக்குப் போக வேண்டும்.

ஊற்றுப் பக்கத்தில் கன்னிமார் கல்லோ முனியாண்டி கல்லோ இருந்தால் பூசாரியையும் பெரியவர்களையும் கேட்காமல் தொடாதீர்கள். மூன்றடி தள்ளிக் கட்ட இடமிருக்கும். ஜெபமோ பூசையோ விரும்பியவர்கள் காலையில் வேலைக்கு முன் செய்யட்டும். தண்ணி வேலை நடக்கும் இடத்தில் துண்டுப்பிரசுரம் கொடுத்தால், தண்ணிக்குப் பின்னால் மதமாற்றம் என்ற பேச்சு ஒரே நாளில் டிவிசன் முழுக்கப் போய்விடும், பிறகு அந்தக் குழாயில் பாதி வீடு தண்ணி பிடிக்காது. குழாய் எங்கே வைப்பது என்பதைப் பெண்களிடம் கேளுங்கள், சுமப்பவர்கள் அவர்கள்.

மேட்டு லயம்

எல்லாருக்கும் நன்றி. கேம்ப் யோசனையை விட்டுவிட்டோம். இரண்டு கேள்வி: தூளை மொத்தமாக ஒரு வருடத்துக்கு வாங்கலாமா? தினம் ஊற்றும் ஆளுக்குக் காசு எங்கிருந்து?

டிஸ்பென்சரி

வாங்காதீர்கள். நம் ஈரக் காற்றில் திறந்த பை சில மாதத்தில் வலு இழந்துவிடும், பிறகு 33 கிராம் கணக்கு பொய். மூன்று மாதத்துக்கு மட்டும், இறுக்கி மூடிய பிளாஸ்டிக் ஏனத்தில், வெயில் படாமல். உரத்தோடும் கக்கூஸ் கழுவும் அசிட்டோடும் ஒன்றாக வைக்கக் கூடாது, அசிட்டோடு சேர்ந்தால் விஷவாயு. கரைப்பவர் கையுறை போட்டு வெளியில் நின்று கரைக்கட்டும்.

கன்னிமார் மேடு

காசுக்குப் புதுச் சங்கம் தொடங்க வேண்டாம். லயத்தில் மரண உதவிச் சங்கம் இருக்கும், மாதாமாதம் சந்தா சேர்க்கிற பழக்கமும் கணக்குப் புத்தகமும் அங்கே உண்டு. அதிலேயே தண்ணிக்குத் தனிப் பக்கம் போட்டு வீட்டுக்கு 100 ரூபாய் என்றால் மாதம் 4200. ஊற்றுபவரின் கூலியும் தூளும் அதில் போகட்டும், முதல் ஆறு மாதத்தைக் கோவிலும் சேர்ச்சும் பொறுப்பெடுக்கலாம். வெளிநாட்டுக் காசில் டிபிடி குளிசையும், இரண்டு உபரி வால்வும், ஒரு சுருள் பைப்பும் வாங்கி வையுங்கள். ஊற்றுபவருக்குக் காய்ச்சல் வந்தால் ஊற்ற இன்னொருவரையும் அந்த மூன்று நாளுக்குள்ளேயே பழக்கிவிடுங்கள்.