புதுப்பிப்பு: ஸ்கேனர் 60, லேப் 58

எங்கள் காகித மெஷினில், ஓடும் தாளின் எடையைப் பீட்டா கதிரால் அளக்கும் ஸ்கேனர் சதுர மீட்டருக்கு 60 கிராம் காட்டுகிறது, லேபில் வெட்டி எடை போட்டால் 58தான் வருகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். ஸ்கேனருக்குள் கதிரை வெளியிடும் பொருள் பழசாகியிருக்கும் என்றே பலர் சொன்னீர்கள். ஆனால் அந்தப் பொருளான கிரிப்டான்-85 பாதியாகக் குறையவே 10 வருடத்துக்கு மேல் ஆகும். அந்தத் தேய்மானத்தை, ஸ்டாண்டர்டைஸ் செய்யும்போதே (தாள் இல்லாமல் அளந்து ஸ்கேனரைச் சரிப்படுத்தும்போதே) கணினி சரிக்கட்டிவிடும்.

"ஸ்டாண்டர்டைஸ் செய்ததும் சரியாகி, அப்புறம் மெல்ல ஏறுகிறதா, பாருங்கள்" என்றார் ஒருவர். அப்படியேதான் ஏறியது! கதிரை மறைக்கும் ஷட்டரை மூடிவிட்டுப் பார்த்தால், ஸ்கேனரின் கீழ்த்தலையில் கதிர் கடக்கும் ஜன்னலுக்குக் காற்று ஊதும் குழாய் கழன்று கிடக்கிறது. ஜன்னல் முழுக்க மாவு சலித்துப் போட்டதுபோல் காகிதத் தூசி. பீட்டா கதிருக்குத் தாளும் தூசியும் ஒன்றுதான். கனம் கூடிவிட்டதாக எண்ணி, மெஷினின் தானியங்கி கன்ட்ரோல் கூழைக் குறைத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

துடைத்துக் குழாயை மாட்டினோம். மூன்று ஷிப்டாக இரண்டு கணக்கும் ஒத்துப்போகின்றன. அந்தக் கேள்வியைக் கேட்டவருக்கு மனமார்ந்த நன்றி.