ரைசன் 7 7700எக்ஸ்: ஏர் கூலரா, லிக்விட் கூலரா?

கேள்வி: வள்ளியூர்ல ஏசி இல்லாத மாடி ரூம். சித்திரையில 38 டிகிரி வந்துரும். கம்ப்யூட்டர்ல ஏஎம்டி கம்பெனியோட ரைசன் 7 7700எக்ஸ் ப்ராசசர், வீடியோ ரெண்டரிங்தான் வேலை. அந்த சிப் சூட்டுக்கு, மேல மாட்டுற ஃபேன் வச்ச ஏர் கூலர் தாங்குமா, தண்ணி ஓடுற 240 எம்எம் லிக்விட் கூலர் போடணுமா?

பதில் 1: ஏர் கூலரே தாராளம் அண்ணாச்சி. அந்த சிப் உச்சத்துல 142 வாட் இழுக்கும்; 6 ஹீட்பைப் (சூட்டைக் கடத்துற குழாய்), 2 ஃபேன் வச்ச டவர் கூலர் போதும். எதைப் போட்டாலும் ரூம் சூட்டுக்குக் கீழ இறங்காது. 95 டிகிரி தொட்டா பயப்படாதிய, ஏஎம்டி வச்ச வரம்பே அதான். பயாஸ்ல (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போது திறக்குற செட்டிங்ஸ்) 65 வாட் ஈகோ மோட் போடுங்க, சிப் கரண்டைக் குறைச்சு இழுக்கும். சூடு நல்லா இறங்கும், வேகம் கொஞ்சந்தான் குறையும். வாங்குமுன்ன கேபினட்ல எவ்வளவு உயரம் கொள்ளும்னு பாத்துக்கிடுங்க. பெரிய டவர் 155–165 எம்எம் வரும்.

பதில் 2: லிக்விட்தான் வேணும்னா ரேடியேட்டரை (தண்ணி சூட்டை ஆத்துற பகுதி) கேபினட்ல மேல மாட்டுங்க. தண்ணியைச் சுத்த விடுற பம்ப் எல்லாத்துக்கும் உச்சியில இருந்தா காத்துக்குமிழி அங்கதான் போய்த் தங்கும். கடகடன்னு சத்தம் வரும், பம்பும் சீக்கிரம் போகும். பம்ப் நின்னா கம்ப்யூட்டரே படுத்துரும். ஏர் கூலர்ல ஃபேனை மட்டும் மாத்துனா போதும்.

பதில் 3: ஆனி ஆடிக் காத்துப் புழுதியை மறந்துராதிய. ஃபேனைக் கழத்திப் பாத்தா ஃபின் (கூலரோட மெல்லிசு தகடு) மேல கம்பளி கணக்கா அப்பியிருக்கும். ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால பிடிச்சுக்கிடணும், சுத்த விடக்கூடாது. புதுக் கூலரை மாட்டும்போது அதோட அடித்தகட்டுல ஒட்டியிருக்க பிளாஸ்டிக் தாளை உரிச்சாச்சான்னும் பாருங்க.