பொருள்: மெடலும் ஸ்டாண்டும் – வெள்ளிக்கிழமைக்குள் தமிழ்ச் சொல் வேண்டும்

உவர்மலையிலிருந்து:
வணக்கம். பாடசாலைக் கண்காட்சிக்கு இரண்டு பட விளக்க அட்டைகள். வெள்ளி காலை அச்சகம் போகின்றன. ஒன்று, 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு 'தோர்ஷேர்': மெழுகுதிரிக் கொத்து வைக்கும் உயரமான மூன்றுகால் அலங்கார ஸ்டாண்ட். மற்றது, பிரான்சின் மொந்தியோன், அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்ளின் இருவரையும் போற்றி 1833இல் பாரிசில் அடித்த மெடல். வளையமும் இல்லை, நாடாவும் இல்லை. 'பதக்கம்' என்றால் பிள்ளைகள் கழுத்தில் மாட்டுவதைத்தான் நினைப்பார்கள். தலைப்பில் 'தொல்பொருள்' போடலாமா?

மூதூரிலிருந்து:
நினைவுக்குற்றி. நாணயக்குற்றி தெரிந்த பிள்ளைக்கு இதுவும் விளங்கும். பதக்கம் வடமொழிப் 'பதக'த்தின் வழி வந்தது. அதைக் கட்டிக்கொண்டு ஏன் அழவேண்டும்?

தம்பலகாமத்திலிருந்து:
ஐயா, மத்திய வங்கியின் ஞாபகார்த்த நாணயக்குற்றிக்கு முகப்பெறுமதி உண்டு, மெடலுக்கு இல்லை. குற்றி குழப்பும். தொல்பொருளும் வேண்டாம்: 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் அதற்கு வைத்த எல்லை 1815 மார்ச் 2, மெடல் அதற்குப் பிந்தியது. 'பழம்பொருள்' போதும்.

தம்பி கேட்காத சொல்தான் முக்கியம். மெடலில் எழுத்தைச் சுற்றி மேடாக நிற்பதையும் தடிப்புப் பக்கத்தையும் நாம் 'விளிம்பு' என்றே சொல்கிறோம். பாரிஸ் நாணயச்சாலை 1832 முதல் தன் குறியைத் தடிப்புப் பக்கத்தில்தான் கொத்தியது: முதலில் பழங்கால விளக்கு, இடையில் வேறு சில, 1860 முதல் தேனீ, 1880 முதல் வளக்கொம்பு (கனிகள் நிறைந்த கொம்பு). முகத்தில் 1833 இருந்தும் பக்கத்தில் கொம்பு இருந்தால், அது பின்னாளில் திரும்ப அடித்தது. பிள்ளை மேட்டைப் பார்த்துவிட்டுக் 'குறி இல்லை' என்று எழுதக்கூடாது. மேடு 'வரம்பு', வயல் வரம்பு போல, உள்ளே இருப்பதைத் தேயாமல் காக்கிறது. பக்கம் 'விளிம்பு'.

சாம்பல்தீவிலிருந்து:
வரம்பு நல்ல சொல். ஸ்டாண்டுக்கு 'அலங்காரத் தாங்கி'?

உவர்மலையிலிருந்து:
அக்கா, திருகோணமலைப் பிள்ளைக்குத் தாங்கி என்றால் சீனக்குடா எண்ணெய்த் தாங்கி.

மூதூரிலிருந்து:
முக்காற்றண்டு. லகரமும் தகரமும் சேர்ந்தால் ற்ற.

தம்பலகாமத்திலிருந்து:
முக்கால்வாசித் தண்டென்று வாசித்து, மிச்சக் கால்வாசி எங்கே என்பான். இவ்வகை மரவேலையில் மூன்று கால்களும் தண்டின் அடியில் புறாவால் மூட்டாக (புறாவின் விரிந்த வால் வடிவில் அறுத்த மூட்டு) ஏறும். மேலே பாரம் மிஞ்சினால் கால் விரிந்து தண்டின் அடி பிளக்கும். பாரம் இறங்கும் தண்டே பெயரிலும் நிற்கட்டும். 'விளக்குத்தண்டு' பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பிலேயே உண்டு, மத்தேயு 5:15: விளக்கை, நெல் அளக்கும் மரக்காலால் மூடாமல் விளக்குத்தண்டின்மேல் வைப்பது.

மூதூரிலிருந்து:
மரக்கால்தான் குறுணி, இரண்டு குறுணி ஒரு பதக்கு. பதக்கு, பதக்கம்... வடமொழி என்று அவசரப்பட்டேனோ?

சாம்பல்தீவிலிருந்து:
நெல் அளக்கிறதை விடுங்கோ ஐயா. மெடல் போற்றும் இருவரையும் என்னவென்று அழைப்பது? உபயகாரர் கோயில் திருவிழாவோடு நிற்பார். வள்ளல் என்றால் சங்க கால ஆய் வந்து நிற்பான். மறுமைக்காகக் கொடுக்கும் 'அறவிலை வணிகன்' அவன் அல்லன் என்கிறது புறநானூறு 134. மொந்தியோனோ 1782இல் நற்குணத்துக்கே பிரெஞ்சு அக்கடமியில் பரிசு நிறுவியவர். 'கொடையாளர்' போதும்.

உவர்மலையிலிருந்து:
அட்டைகள் போய்விட்டன: நினைவுப் பதக்கம் (அணிவதற்கன்று), விளக்கு தண்டு, பழம்பொருள், வரம்பு, விளிம்பு, கொடையாளர். மூவர் சம்மதம், ஒருவர் மறுப்பு.

மூதூரிலிருந்து:
குற்றிதான் சரி. விளக்குக்கும் தண்டுக்கும் இடையில் 'த்' எங்கே தம்பி?