24 வோல்ட் பிளைண்ட் மோட்டருக்கு எந்தப் பவர் சப்ளை?

கேள்வி:
வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டுக்கு நாலு ரோலர் பிளைண்ட் (சுருண்டு ஏறி இறங்கும் ஜன்னல் திரை). மோட்டர் ஒவ்வொன்றும் 24 வோல்ட் டிசி, ஓடும்போது 0.9 அம்பியர், கிளம்பும்போது 2.2. 22 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் நின்றுவிடும். அமெரிக்கக் கையேடு, "கிளாஸ் 2 சப்ளை மட்டும்" என்கிறது. புறக்கோட்டையில் 10 அம்பியர் கூண்டு சப்ளை (ஓட்டை போட்ட உலோகக் கூட்டுக்குள் இருப்பது) சுலபமாகக் கிடைக்கிறது. ஒன்றை சீலிங்குக்குள் வைத்து, நாலுக்கும் 0.75 சதுர மில்லிமீட்டர் வயர் இழுக்கலாமா அண்ணாமார்? தூர ஜன்னல் 18 மீட்டர்.

பதில்:
கூண்டு சப்ளை வேண்டாம் தம்பி. அதை மூடிய பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும். 230 வோல்ட் திருகுகள் திறந்தே இருக்கும். சீலிங்குக்குள் ஒரு பல்லி இரண்டு திருகுக்கும் குறுக்கே விழுந்தாலே போதும்.

அதைவிட முக்கியம், 10 அம்பியர். பிராக்கெட்டில் வயர் நசுங்கி அரைகுறையாக ஷோர்ட் ஆனால், சப்ளைக்கு அது பிழையாகவே தெரியாது. 9 அம்பியரைக் கொடுத்துக்கொண்டே இருக்கும், நசுங்கிய இடம் சுடும். கிளாஸ் 2 என்றால் 100 விஏ (வோல்ட் × அம்பியர்) வரம்பு, 24 வோல்ட்டில் ஏறக்குறைய 4 அம்பியர். தீப்பிடிக்கும் அளவுக்குச் சக்தி வெளியே வரக்கூடாது என்பதற்கே அந்த வரம்பு.

லேபிளில் ஏமாற வேண்டாம். ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட குறியைக் காட்டி "இதுதான் கிளாஸ் 2" என்பார்கள். அது இரட்டைக் காப்பு, எர்த் தேவையில்லை என்ற அர்த்தம் மட்டுமே. அந்தக் குறியுள்ள 10 அம்பியர் சப்ளையும் உண்டு. 100 விஏ வரம்பு வேறு விஷயம். டேட்டாஷீட்டில் தனியாக எழுதியிருக்க வேண்டும்.

இன்னொரு பதில்:
கணக்கைப் பாருங்கள். ஒன்றன்பின் ஒன்றாகக் கிளப்பினாலும், மூன்று ஓட நாலாவது கிளம்பும்போது 2.7 + 2.2 = 4.9 அம்பியர். ஒரு கிளாஸ் 2 தாங்காது. 4 அம்பியரில் இரண்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் இரண்டு மோட்டர். ஒரு செக்கன் இடைவெளி விட்டால் உச்சம் 3.1 தான். இரண்டு சப்ளையின் வெளியீட்டையும் சேர்த்துக் கட்ட வேண்டாம், வரம்பே போய்விடும்.

0.75 வயர் மீட்டருக்கு 0.026 ஓம். 18 மீட்டர் போய்வர 0.94 ஓம், 2.2 அம்பியரில் 2.06 வோல்ட் விழும். மோட்டருக்கு 21.94 தான் மிச்சம். கிளம்பும்போதே நின்றுவிடும். 1.5 போட்டால் 1.05 வோல்ட்தான் விழும். மோட்டருக்கு மோட்டர் தனி வயர்.

கேட்டவர்:
நன்றி அண்ணா. கடையில் எல்ஈடி விளக்குக்கான சப்ளையான டிரைவரும் 24 வோல்ட் 4 அம்பியர், விலை பாதி. அது?

பதில்:
எடுக்காதீர்கள். பல டிரைவர்கள் சுமை கொஞ்சம் மீறியதும் அணைந்து, மீண்டும் முயலும். மோட்டர் துள்ளித் துள்ளி நிற்கும். ஐஈசி 61558-2-16 அல்லது 62368-1 என்ற பாதுகாப்புத் தர எண் போட்டதைத் தேடுங்கள்.

கனமான பிளைண்ட் இறங்கும்போது மோட்டர் ஜெனரேட்டராகி வோல்ட்டைத் திருப்பித் தள்ளும். சில சப்ளைகள் அதிவோல்ட் என்று பூட்டிக்கொள்ளும். பிளக்கைக் கழற்றிப் போட்டால்தான் திரும்பும். இறங்கும்போது மட்டும் நின்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

24 வோல்ட் மைனஸை எர்த்தில் கட்ட வேண்டாம். உலோக உடல் சப்ளையானால் அதன் எர்த் திருகைக் கட்டாயம் கட்டுங்கள். 230 வயரோடு ஒரே குழாயில் 24-ஐ ஓட்டவும் வேண்டாம். சப்ளையை ஏணி வைத்து எட்டுகிற இடத்தில் வையுங்கள். கடற்காற்றில் திருகுகள் பச்சை பிடிக்கும், திறந்து பார்க்க வழி வேண்டும்.