மார்லின் 336-க்குக் குறைந்த விலையில் எந்த ஸ்கோப்? இல்லை, ஸ்கோப்பே வேண்டாமா?

ஜூரோங் குமரன்
எல்லோருக்கும் வணக்கம். சிங்கப்பூர் ஜூரோங் வெஸ்டை விட்டு நியூசிலாந்து ஹேமில்டனுக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. போன வருஷம் இங்கே துப்பாக்கி உரிமம் கிடைத்தது. கூட வேலை பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் பழைய மார்லின் 336 ஒன்றை வாங்கி என் பெயரில் பதிவும் செய்துவிட்டேன். .30-30 தோட்டா, லீவர் ஆக்‌ஷன் (விசைக்குக் கீழே உள்ள பிடியை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா வரும்), குழலுக்குக் கீழே குழாய் மேகசின். மான், காட்டுப்பன்றி தேடிப் போவது பெரும்பாலும் புரியோரா காட்டுக்கு. உள்ளே மரப் பெரணி மண்டிக் கிடக்கும், 50 மீட்டருக்கு மேல் தெரிந்தாலே பெரிய விஷயம். எப்போதாவது மண் சரிந்து வெளியான இடங்களில் 150 மீட்டர்வரை பார்வை கிடைக்கும்.

ஸ்கோப் (குறி பார்க்கும் தொலைநோக்கி), அதைப் பூட்டும் பட்டை, வளையம் எல்லாம் சேர்த்து 400 நியூசிலாந்து டாலர்தான் கையில் இருக்கிறது. வயது 46, கண்ணாடி போடுகிறேன். 3-9x40 வாங்கவா, 2-7x32 வாங்கவா, இல்லை 1-4x24 போதுமா? (முதலில் இருப்பது பெருக்கம், x-க்குப் பிறகு இருப்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில்.) இங்கே சிலருக்குத் துப்பாக்கிப் பழக்கம் உண்டு என்று தெரியும், அதனால்தான் கேட்கிறேன்.

உட்லண்ட்ஸ் அன்பு
யோசிக்கவே வேண்டாம் தம்பி, 3-9x40. எல்லாக் கம்பெனியும் அதிகமாகச் செய்வது அந்த அளவைத்தான். அதனால் ஒரே விலைக்கு அதில் கிடைக்கிற கண்ணாடித் தரம் மற்ற அளவுகளில் கிடைக்காது. காட்டுக்குள் 3-இல் வைத்துக்கொள், வெளிக்கு வந்தால் 9-க்குத் திருப்பு. நாளைக்கே நீ .308 துப்பாக்கி வாங்கினாலும் இதே ஸ்கோப்பை அதில் மாட்டலாம். 1-4 வாங்கினால் அந்த ஒரு துப்பாக்கியோடு முடிந்தது.

நீசூன் பழசு
நான் இதற்கு நேர் எதிர். லீவர் ஆக்‌ஷனில் ஸ்கோப் மாட்டுவதே தப்பு என்பது என் கருத்து. அந்தத் துப்பாக்கியின் அழகே ஒல்லியாக, தட்டையாக, ஒரு கையில் நடுப்பகுதியைப் பிடித்துக்கொண்டு நாள் முழுக்க நடக்கலாம் என்பதில்தான் இருக்கிறது. மேலே ஒரு குழாயைப் பூட்டிய உடனே கை பிடிக்கிற இடம் போய்விடும், கொடியில் மாட்டும், எடையும் ஏறும். 50 மீட்டருக்கு எதற்கு ஸ்கோப்?

தேசிய சேவையில் நாங்கள் எம்16-இல் பின்னால் இருக்கும் சின்ன ஓட்டை வழியாகப் பார்த்துத்தான் 300 மீட்டர் இலக்கு அட்டையைச் சாய்த்தோம். உங்கள் காலத்து ராணுவத் துப்பாக்கி எஸ்ஏஆர் 21-இலும் கைப்பிடிக்குள் இருந்த ஸ்கோப் வெறும் 1.5 மடங்குதானே? அதை வைத்து எத்தனையோ பேர் மார்க்ஸ்மன் (சிறந்த குறிகாரர்) பட்டம் வாங்கவில்லையா? அந்த மாதிரி ஓட்டை வைத்த நல்ல பீப் சைட் ஒன்றை வாங்கிப் பூட்டு, மிச்சக் காசுக்குத் தோட்டா வாங்கிப் பழகு. உன் கைதான் சுட வேண்டும், கண்ணாடி சுடாது.

ஜூரோங் குமரன்
அண்ணே, பழகச் சொல்வது சரிதான். ஆனால் வெயில் போன பிறகு முன்குறியின் மணி (குழலின் நுனியில் இருக்கும் சின்ன உருண்டை) எனக்குக் கண்ணில் தெரிவதே இல்லை. போன மாதம் ஆறு மணிக்கு மேல் ஒரு பெண் செம்மான் 40 மீட்டரில் பக்கவாட்டில் நின்றது. துப்பாக்கியைத் தூக்கினேன், மணி இருக்க வேண்டிய இடத்தில் கருப்புக்குள் கருப்புதான். சுடாமல் இறக்கிவிட்டேன். அன்றிலிருந்துதான் இந்த ஸ்கோப் யோசனை.

பூலோ அக்கா
சுடாமல் இறக்கினாயே, அதுவே போதும் தம்பி, நீ நல்ல வேட்டைக்காரனாக வருவாய்.

நான் துப்பாக்கி பிடித்தவள் இல்லை. ஆனால் சுங்கை பூலோ சதுப்பு நிலத்தில் இருபது வருஷமாகப் பறவை பார்க்கிறேன், லென்ஸ் விஷயத்தில் நிறையக் காசைத் தொலைத்துக் கற்றுக்கொண்டவள். உன் பிரச்சினை தூரம் இல்லை, வெளிச்சம். அதைச் சரியாகப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

முன்கண்ணாடியின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகு. வருவதுதான் பின்னால் உன் கண்ணுக்குள் வந்து விழும் ஒளிவட்டத்தின் அகலம். 3-9x40-ஐ 9-இல் வைத்தால் 4.4 மில்லிமீட்டர். கடைக்குப் போனால் ஸ்கோப்பைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்து வெளிச்சப் பக்கம் காட்டிப் பார், பின்கண்ணாடியில் அந்த வட்டம் மிளகு அளவுக்குத் தெரியும். பெருக்கத்தைக் குறைக்கக் குறைக்கச் சுண்டைக்காய் அளவுக்கு விரியும். இருட்டில் நம் கண்மணி சின்ன வயதில் 7 மில்லிமீட்டர்வரை விரியும், நம் வயதில் 5 வந்தாலே நல்லது. அதற்கு மேல் வருகிற வெளிச்சம் கண்ணுக்குள் போகாது. 2-7x32-ஐ 4-இல் வைத்தால் 8 மில்லிமீட்டர். அதாவது உன் கண் குடிக்கக்கூடியதை விட அதிகம். 40 மில்லிமீட்டர் முன்கண்ணாடி அந்த இடத்தில் உனக்குக் கூடுதலாக எதையும் தராது, எடையைத்தான் தரும்.

அப்புறம் பார்வை அகலம். 2 மடங்கில் 100 மீட்டர் தூரத்தில் சுமார் 14 மீட்டர் அகலம் தெரியும், 3 மடங்கில் சுமார் 11 மீட்டர். பெரணிக்குள் நகரும் மிருகத்தைக் கண்ணாடிக்குள் பிடிப்பதற்கு அந்த மூன்று மீட்டர் பெரிய வித்தியாசம். மண்டாய் பக்கம் அந்தி நேரத்தில் மிளாவைத் தேடியவர்களுக்கு இது தெரியும். வெறும் கண்ணுக்குத் தெரிந்தது லென்ஸை வைத்ததும் காணாமல் போகும்.

உட்லண்ட்ஸ் அன்பு
அக்கா, கணக்கு சரி, மறுக்கவில்லை. ஆனால் அதே கணக்கின்படி என் 3-9-ஐ 3-இல் வைத்தால் 13 மில்லிமீட்டர் வருகிறதே! தேவைப்படும்போது குறைக்கலாம், 7 மடங்கு ஸ்கோப்பை 9 ஆக்க முடியாதே. 150 மீட்டரில் ஒரு கொம்பா, காய்ந்த கிளையா என்று பார்க்க 9 வேண்டும்.

நீசூன் அண்ணே, இலக்கு அட்டை ஆள் உயரத்துக்கு நிமிர்ந்து நிற்கும், பின்னால் மண்மேடு, பட்டப்பகல். மான் அப்படியா நிற்கும்? பழுப்புப் பெரணிக்குப் பின்னால் பழுப்பு உடம்பு, தெரிவது ஒரு காதும் முதுகுக் கோடும். அதை 1.5 மடங்கோடு ஒப்பிடக் கூடாது.

நீசூன் பழசு
ஒப்பிடுவேன் தம்பி, ஏனென்றால் கேள்வி .30-30 பற்றி. 100 மீட்டரில் குறி வைத்துச் சரிசெய்தால் 200-இல் அந்த ரவை (தோட்டாவிலிருந்து பாய்கிற குண்டு) ஒரு சாணுக்கு மேல் இறங்கிவிடும். குழாய் மேகசினில் ஒரு தோட்டாவின் மூக்கு முன்னால் இருக்கும் தோட்டாவின் பின்பக்கத்தை, வெடிக்கிற அந்தப் பொட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அதனால் கூர்மூக்கு ரவை போடவே கூடாது, தட்டை மூக்குதான். தட்டை மூக்கு காற்றைக் கிழிக்காது, வேகம் சீக்கிரம் செத்துவிடும். வளைந்துகொடுக்கிற ரப்பர் மாதிரி நுனி வைத்த ரவையை ஹார்னடி கொண்டுவந்த பிறகு கொஞ்சம் தூரம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். 1895-இல் வந்த தோட்டா அது. அதற்குப் போய் 9 மடங்கு வைத்தால் மனசு 250 மீட்டருக்கு ஆசைப்படும், காயம்பட்ட மிருகம் காட்டுக்குள் ஓடிச் சாகும். எனக்கு அதுதான் பயம்.

தெம்பனிஸ் கார்த்தி
விவாதத்துக்குள் வரவில்லை, ஒரே ஒரு விஷயம். குமரன் அண்ணா, அம்மாவைப் பார்க்க ஊருக்கு வரும்போது வேட்டைக்குப் போட்ட ஜாக்கெட்டையும் பையையும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். உள்பையில் ஒரே ஒரு தோட்டா தெரியாமல் கிடந்தாலும் பெரிய வம்பு. இங்கே அனுமதியில்லாமல் தோட்டா வைத்திருந்தாலே 1973-ஆம் ஆண்டின் ஆயுதக் குற்றச் சட்டப்படி 5 முதல் 10 வருஷம் சிறை, குறைந்தது 6 பிரம்படி. வெற்றுக்கூடுகூட ஞாபகார்த்தமாகக் கொண்டு வராதீர்கள். ஸ்கோப்பை இங்கே வாங்கி அனுப்பலாமா, கொண்டுவரலாமா என்ற யோசனை இருந்தால் முதலில் போலீஸ் உரிமப் பிரிவைக் கேளுங்கள்.

ஜூரோங் குமரன்
நன்றி கார்த்தி. ஸ்கோப்பை இங்கேதான் வாங்குவேன்.

பூலோ அக்கா
அன்பு, நீ சொன்ன "கொம்பா, கிளையா" விஷயத்தில்தான் எனக்குக் கடும் ஆட்சேபம். அதைத் துப்பாக்கி ஸ்கோப் வழியாகப் பார்ப்பது என்றால் என்ன அர்த்தம்? அது என்னவென்று தெரியாத ஒன்றின் மேல் துப்பாக்கி வாயை நீட்டிவிட்டாய் என்று அர்த்தம். அது கிளையாக இருக்கலாம், தண்ணீர் குடிக்கக் குனிந்த மனிதனாகவும் இருக்கலாம். நியூசிலாந்தின் துப்பாக்கிப் பாதுகாப்பு விதிகள் ஏழில் ஒன்று, சந்தேகமே இல்லாமல் இலக்கை அடையாளம் கண்ட பிறகே சுட வேண்டும் என்பது. அடையாளம் காண பைனாகுலர், சுட ஸ்கோப். இரண்டு வேலையையும் ஒரே கருவியிடம் கொடுக்காதே.

அதனால் குமரன், 400 முழுவதையும் துப்பாக்கிக்கு மேலே கொட்டாதே. ஒரு எளிய 8x42 பைனாகுலருக்குக் கொஞ்சம் ஒதுக்கு, இல்லையென்றால் யாரிடமாவது பழசு வாங்கு. 42-ஐ 8-ஆல் வகுத்தால் ஐந்தேகால், உன் கண்ணுக்கு அந்தி நேரத்தில் சரியாகப் பொருந்தும். கழுத்தில் தொங்கவிடாதே, நெஞ்சோடு பிடிக்கிற வார் போடு, குனிந்தால் ஆடாது. அது கையில் இருந்தால் ஸ்கோப்பில் 9 வேண்டும் என்ற எண்ணமே வராது.

உட்லண்ட்ஸ் அன்பு
இதை ஒத்துக்கொள்கிறேன் அக்கா. எழுதும்போது அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை, சரிதான்.

ஆனால் மலிவு என்பதற்கு ஒரு எல்லை உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். குவீன்ஸ்லாந்தில் இருக்கும் என் மச்சான், இணையத்தில் பெயர் தெரியாத ஒரு ஸ்கோப்பை ரொம்பக் குறைந்த விலைக்கு வாங்கினார், 6-24, விளக்கு எல்லாம் எரியும். நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். முதல் ஐந்து குண்டு உள்ளங்கைக்குள் அடங்கியது. பதினைந்தாவது குண்டுக்குள் குறி ஒரு முழம் வலப்பக்கம் போய்விட்டது, திருகைத் திருப்பினால் ஒன்றும் நகரவில்லை, மறுநாள் காலைப் பனியில் உள்ளே புகைமூட்டம். இரண்டு நாளும் வீண். அதனால் பெருக்கம் குறைந்தாலும் பரவாயில்லை, உத்தரவாதம் உள்ள கம்பெனியாகப் பார். வோர்டெக்ஸ் கிராஸ்ஃபயர் 2 வரிசையில் 2-7x32 இருக்கிறது. யாரிடமிருந்து வாங்கியதாக இருந்தாலும் பழுதானால் சரிசெய்து தரும் ஆயுட்கால உத்தரவாதம் அவர்களிடம் உண்டு, பழசு வாங்கினாலும் செல்லும். லியூபோல்ட் விஎக்ஸ் ஃப்ரீடம் 1.5-4x20-உம் நல்லது, ஆனால் பட்ஜெட்டை இடிக்கலாம்.

வளையத்தில் மிச்சம் பிடிக்காதே. திருகு தளர்ந்தால் ஆயிரம் டாலர் ஸ்கோப்பும் அலைபாயும்.

நீசூன் பழசு
ஸ்கோப்தான் என்று முடிவாகிவிட்டால் ஒன்று கேட்டுக்கொள். 336-இல் வெற்றுக்கூடு பக்கவாட்டில் விழும், மேல்பக்கம் மூடியது, அதனால் நடுவிலேயே பூட்டலாம். என்னுடைய ஆசைத் துப்பாக்கியான பழைய வின்செஸ்டர் 94-இல் கூடு நேராக மேலே பறக்கும், 1980-களில்தான் அதைச் சாய்வாக விழுகிற மாதிரி மாற்றினார்கள். அந்தத் துப்பாக்கிக்காரர்களுக்கு இந்தத் தலைவலியே பெரிசு. நீ பிழைத்தாய்.

எவ்வளவு தாழ்வாகப் பூட்ட முடியுமோ அவ்வளவு தாழ்வாகப் பூட்டு. லீவர் ஆக்‌ஷன் துப்பாக்கியில் தோளில் வைக்கும் கட்டை ஸ்கோப் இல்லாத வெறும் குறிக்காகச் செதுக்கியது, கன்னம் தாழ்ந்து உட்காரும். ஸ்கோப் உயர்ந்தால் கன்னம் கட்டையைத் தொடாது, தாடையைத்தான் வைப்பாய், கண்ணாடிக்குள் பிறை மாதிரிக் கருப்பு விழும், அதைச் சரிசெய்யத் தலையை ஆட்டுவதற்குள் மான் போய்விடும். கன்னத்துக்குக் கீழே தோல் அட்டை ஒன்று கட்டிக்கொள். 32 என்றால் தாழ்ந்த வளையம் போதும். இந்த ஒரு காரணத்துக்காக 40-ஐ விட 32-க்கு என் ஓட்டு. பின்னால் உள்ள பழைய குறியைக் கழற்றாதே, அதை மடக்கி வைக்கலாம்.

பீப் சைட்டை இன்னும் விடவில்லை. மழையில் ஸ்கோப் கண்ணாடி நனைந்தால் துணி தேட வேண்டும். பீப் ஓட்டையில் தண்ணீர்த் துளி அடைத்தால் ஒரு ஊது, அவ்வளவுதான்.

ஜூரோங் குமரன்
எல்லோருக்கும் பெரிய நன்றி. சனிக்கிழமை கடைக்குப் போனேன். அக்கா சொன்னபடி இரண்டு ஸ்கோப்பையும் கை நீட்டிப் பிடித்து அந்த வெள்ளை வட்டத்தைப் பார்த்தேன், கடைக்காரரும் கூட நின்று பார்த்தார். 2-7x32 வாங்கிவிட்டேன், தாழ்ந்த வளையம், ஒரே துண்டாக வரும் பட்டை. கண்ணாடி போட்டுக்கொண்டே பார்த்தேன், கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி இருக்கிறது, புருவத்தில் இடிக்காது. பைனாகுலர் அடுத்த மாதச் சம்பளத்தில். அதுவரை புரியோரா போகப் போவதில்லை, மைதானத்தில் குறி சரிசெய்வது மட்டும்தான்.

ஒரு புதுச் சிக்கல். ஸ்கோப்பின் பின்முனை ஹேமருக்கு (சுடுவதற்கு முன் கட்டைவிரலால் பின்னால் இழுக்கும் சுத்தியலுக்கு) மேலேயே வந்துவிட்டது. கட்டைவிரலை உள்ளே விட்டு ஹேமரை இழுத்தால் விரல் ஸ்கோப்பில் உரசி வழுக்குகிறது. தோட்டா இல்லாமல்தான் பார்த்தேன், ஆனாலும் பயமாக இருக்கிறது.

நீசூன் பழசு
அதைத்தான் சொல்ல மறந்தேன், மன்னித்துக்கொள். ஹேமர் நீட்டிப்பு என்று ஒரு சின்ன உருளைத் துண்டு விற்கிறது, ஹேமரின் தலையில் பக்கவாட்டில் மாட்டி, கூட வரும் சின்னச் சாவியால் திருகை இறுக்க வேண்டும். அதைப் போடாமல் உண்மையான தோட்டாவோடு ஹேமரைத் தொடவே தொடாதே. இழுப்பதை விட, சுடாமல் மெல்ல இறக்கும்போதுதான் விரல் வழுக்கும். நீ எந்தக் கைக்காரன்?

ஜூரோங் குமரன்
இடக்கை அண்ணே.

நீசூன் பழசு
அப்படியென்றால் துண்டு இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி மாட்டு. இறுக்கிய பிறகு வெற்றுத் துப்பாக்கியில் ஐம்பது தடவை இழுத்து இறக்கிப் பார், கட்டைவிரல் தானாக அங்கே போகும்வரை. அப்புறம் மைதானத்துக்குப் போ, முதலில் 25 மீட்டரில் சுட்டு அட்டையில் விழுகிறதா என்று பார்த்துவிட்டு 100-க்குத் தள்ளு. அட்டையைப் படம் எடுத்து இங்கே போடு, அன்பும் நானும் பார்த்துச் சொல்கிறோம்.