300 பேர் வரும் பன்னாட்டுத் தாவர அறிவியல் மாநாடு: எதை முதலில் உறுதி செய்வது?

இலைத்துளை:
வணக்கம். பயிர்களின் நோய் எதிர்ப்பு, வறட்சி தாங்கும் திறன் இரண்டையும் மையமாக வைத்து 4 நாள் மாநாடு நடத்த இருக்கிறோம். கையில் 18 மாதம் இருக்கிறது. சுமார் 25 நாடுகளிலிருந்து 300 பேர் வருவார்கள். மூன்றாம் நாள் மதியத்துக்கு மேல் வயல் பார்வை. ஆய்வுச் சுருக்கங்களை எப்போது வாங்கத் தொடங்கி எப்போது மூடுவது? எத்தனை பேச்சு, எத்தனை போஸ்டர் (ஆய்வை ஒரே தாளில் அச்சடித்துப் பலகையில் மாட்டுவது) தாங்கும்? விதையும் இலை மாதிரியும் கொண்டுவரலாமா என்று இப்போதே கடிதம் வருகிறது. என்ன பதில் சொல்வது?

வேர்முடிச்சு:
விசாவிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள், மற்ற தேதிகள் தானாக அமையும். சில நாட்டவர்களுக்கு நேர்காணல் நாள் கிடைக்கவே பல வாரம் ஆகும். ஆய்வுச் சுருக்கம் ஏற்கப்பட்டது என்ற கடிதம் இல்லாமல் அவர்களுடைய நிறுவனம் பயணப் பணம் ஒதுக்காது, பணம் ஒதுக்காமல் விசாவுக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. ஆகவே முடிவுகள் மாநாட்டுக்கு 5 மாதம் முன்பே போய்ச் சேர வேண்டும். 9 மாதம் இருக்கும்போது சுருக்கங்களை வாங்கத் தொடங்கி, 6 மாதம் இருக்கும்போது மூடுங்கள். மதிப்பீட்டுக்கு 4 வாரம். ஒவ்வொரு சுருக்கத்தையும் இருவர் பார்க்கட்டும், ஒருவருக்கு 20க்கு மேல் தர வேண்டாம்.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: சலுகைக் கட்டணத்தின் கடைசி நாளை முடிவு அறிவிப்புக்கு முன்பே வைத்துவிடுவது. தன் சுருக்கம் ஏற்கப்பட்டதா என்று தெரியாமல் யாரும் பணம் கட்ட மாட்டார்கள். பிறகு முழுக் கட்டணம் கேட்டால் மாணவர்கள்தான் முதலில் விலகுவார்கள். அறிவிப்புக்குப் பின் குறைந்தது 3 வாரம் கொடுங்கள். விசா மறுக்கப்பட்டால், மறுப்புக் கடிதத்தைக் காட்டிப் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்பதையும் பதிவுப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

அழைப்புக் கடிதத்தில் கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயர், அதன் எண், பேச்சின் தலைப்பு, மாநாட்டு நாட்கள், செலவு யாருடையது என்ற ஐந்தும் இருக்க வேண்டும். கடைசித் தேதி என்று வெறுமனே 'நள்ளிரவு' போட்டால் எந்த நாட்டு நள்ளிரவு என்று கேள்வி வரும். யூடிசி (உலகப் பொது நேரம்) கழித்தல் 12 மணி என்று போட்டால், உலகில் எங்கும் அந்த நாள் முடியும்வரை அவகாசம் என்று பொருள்.

நாள் குறிக்கும்போது பன்னாட்டுத் தாவரவியல் மாநாடு வரும் ஆண்டையும் பாருங்கள். அது வழக்கமாக 6 ஆண்டுக்கு ஒருமுறை, 2024இல் மாட்ரிட்டில் நடந்தது. உங்கள் பயிர் பூக்கும் பருவமும் முக்கியம். வயல் பார்வைக்கு அது நல்ல நேரம்தான், ஆனால் அதே பருவநிலை உள்ள ஊர்களில் இருக்கும் ஆய்வாளர்கள் அந்த வாரங்களில் தங்கள் வயலை விட்டு நகர மாட்டார்கள்.

சூல்முடி:
பேச்சுக் கணக்கு இது. பொது உரைகளும் வயல் பார்வையும் போக, இணை அமர்வுகளுக்கு 3 நாள், நாளுக்கு 4 மணி நேரம் கிடைக்கும் என்று வையுங்கள். இரண்டு கூடங்களில் 2 மணி நேர அமர்வுகள் 12 வரும். ஒவ்வொன்றிலும் 30 நிமிட அழைப்புரை ஒன்று, 15 நிமிடப் பேச்சு ஆறு. மொத்தம் 12 அழைப்புரை, 72 பேச்சு. மூன்றாவது கூடம் சேர்க்கும் ஆசை வரும். 300 பேருக்கு அது வேண்டாம், நோயியல் கூடத்துக்கும் உடலியல் கூடத்துக்கும் இடையே அலைபவர்கள்தான் உங்கள் தலைப்புக்கு அதிகம் தேவைப்படுகிறவர்கள். 15 நிமிடம் என்றால் 12 பேச, 3 கேள்விக்கு. யாராவது வராமல் போனால் அடுத்தவரை முன்னே இழுக்க வேண்டாம் என்று அமர்வுத் தலைவரிடம் அழுத்திச் சொல்லுங்கள். இழுத்தால் அடுத்த கூடத்திலிருந்து அந்தப் பேச்சுக்கென்றே ஓடிவருபவர் பாதியில் நுழைவார்.

போஸ்டரில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். ஏ0 தாள் 84.1க்கு 118.9 செ.மீ. பலகை 1 மீட்டர் அகலம் என்றால் நெடுவாக்கில் மட்டும்தான் நிற்கும். கிடைவாக்கில் அச்சடித்து வருபவரின் தாள் இரு பக்கமும் 9 செ.மீ. வெளியே நீட்டி, பக்கத்துப் போஸ்டரின் வரைபடத்தை மறைக்கும். ஏற்புக் கடிதத்திலேயே 'நெடுவாக்கில் மட்டும்' என்று தடித்த எழுத்தில் போடுங்கள். விமானத்தில் மடித்துக் கொண்டுவரப் பலர் துணியில் அச்சடிக்கிறார்கள். துணிக்குக் குண்டூசி வேண்டும், பசைநாடா பிடிக்காது. பலகை வாடகைக்கு எடுக்கும் முன் ஒரு குண்டூசியைக் குத்திப் பாருங்கள், பிளாஸ்டிக் பூசிய பலகையில் இறங்காது. 180 போஸ்டர் வரும் என்று வைத்து, இரண்டு தொகுதியாகப் பிரித்தால் ஒரு நேரத்தில் 90, இருபுறமும் ஒட்டினால் 45 பலகை போதும். வரிசைகளுக்கு நடுவே 2.5 மீட்டராவது விடுங்கள்.

உலர்தாள்:
மாதிரி பற்றிய கேள்விக்கு ஒரே பதில்: உயிருள்ள எதையும் கொண்டுவர வேண்டாம். விதைக்கு, அனுப்பும் நாட்டின் தாவரப் பாதுகாப்பு அமைப்பு தரும் நலச் சான்றிதழ் வேண்டும். பெரும்பாலும் பெறும் நாட்டின் இறக்குமதி அனுமதியும் முன்கூட்டியே வேண்டும். மண்ணோடு வரும் நாற்றைப் பல நாடுகள் அறவே அனுமதிப்பதில்லை. ஆர்கிட், கள்ளி வகைகளானால், அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தமும் சேரும். விதை போன்ற மரபு வளத்தைப் பெற அதை வழங்கும் நாட்டின் முன் ஒப்புதல் தேவை என்பதை 2014 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் உள்ள நகோயா நெறிமுறை வலியுறுத்துகிறது. இருவர் காப்பி இடைவேளையில் ஓர் உறை விதையைக் கைமாற்றிக்கொண்டால், பிறகு அந்த விதையில் செய்த ஆய்வை வெளியிடவே சிக்கல் வரலாம். பேசி முடிவெடுக்க மாநாடு, பொருளை அனுப்ப நிறுவனங்களுக்கு இடையே ஒப்பந்தம் என்று கையேட்டில் எழுதுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். சுருக்கத் தொகுப்பை ஐஎஸ்பிஎன் என்ற நூல் எண்ணோடு பிடிஎஃப் கோப்பாக இணையத்தில் ஏற்றுவீர்கள் அல்லவா? 2012 ஜனவரி 1 முதல், ஐஎஸ்பிஎன் அல்லது ஐஎஸ்எஸ்என் (இதழ்களுக்கான எண்) உள்ள அத்தகைய பிடிஎஃப் தாவரப் பெயரிடல் விதிகளின்படி அச்சு நூலைப் போலவே வெளியீடாகக் கணக்கில் வரும். யாராவது தம் சுருக்கத்தில் புதிய சிற்றினத்தின் பெயரை எழுதி, ஆங்கிலத்தில் அடையாளக் குறிப்பும், ஹோலோடைப் (பெயருக்கு அடிப்படையான மூல மாதிரி) எந்த ஹெர்பேரியத்தில் (உலர் தாவர மாதிரிக் காப்பகம்) உள்ளது என்பதும் சேர்த்துவிட்டால், முழுக் கட்டுரை வருமுன்பே அந்தப் பெயர் உங்கள் தொகுப்பில் பிறந்துவிடக்கூடும். அவை இல்லாமல் பெயர் மட்டும் வந்தால், விளக்கமற்ற வெறும் பெயராக அது சுற்றித் திரியும். இரண்டுமே ஆசிரியருக்குத் தலைவலி. கட்டுரை வெளிவரும்வரை புதுப் பெயரைச் சுருக்கத்தில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இலைத்துளை:
பெயர் விஷயம் எங்களுக்குத் தோன்றவே இல்லை, மிக்க நன்றி. வயல் பார்வையில் துரு நோய்ப் பாத்தியும் இருக்கிறது. 300 பேரையும் கூட்டிப் போவது ஆபத்தா?

வேர்முடிச்சு:
தனிப் பதிவு வைத்து 150இல் நிறுத்துங்கள். 50 இருக்கைப் பேருந்து மூன்று, 30 பேர் கொண்ட ஐந்து குழு, ஐந்து நிறுத்தம். நடையும் சேர்த்து ஒவ்வொன்றுக்கும் 25 நிமிடம் என்றால் 2 மணி 5 நிமிடத்தில் சுற்று முடியும். 30 பேருக்குக் குரல் எட்டாது, வழிகாட்டிகளுக்குக் கையடக்க ஒலிபெருக்கி கொடுங்கள். நோய்ப் பாத்தியை இந்தச் சுற்றில் சேர்க்காதீர்கள். எல்லாம் முடிந்தபின், பேருந்து ஏறுமுன், வரப்பில் நின்றபடியே பார்க்கட்டும். துருப் பூஞ்சையின் வித்துகள் சட்டையில் ஒட்டிக்கொண்டு அடுத்த நாட்டுக்கே போகும், அதனால் அன்று போட்ட உடையைத் துவைத்த பிறகே பெட்டியில் வைக்கச் சொல்லுங்கள்.

வருபவர்களின் காலணி இன்னும் முக்கியம். வாழையைத் தாக்கும் ஃபியூசேரியம் டிஆர்4 என்ற பூஞ்சை மண்ணில் பல ஆண்டு உயிரோடு கிடக்கும். கிருமிநாசினித் தட்டில் மிதித்தால் போதும் என்று நினைக்க வேண்டாம், ஒட்டியிருக்கும் மண்ணே மருந்தின் வீரியத்தைக் குடித்துவிடும். முதலில் தூரிகையால் அடித்தடத்தின் இடுக்கிலிருக்கும் மண்ணை முழுக்க எடுத்து, பிறகுதான் மருந்து. சொந்த ஊரில் வயலுக்குப் போட்ட காலணியைக் கொண்டுவரவே வேண்டாம் என்று முதல் சுற்றறிக்கையிலேயே எழுதிவிட்டால் வாசலில் பாதி வேலை குறையும்.